இல்லை என்று சொல்லத் தெரிந்த கதவு

காசு போட்டால் ஓடுகிற பெட்டிகளில் மற்றதெல்லாம் யார் யாரோ செய்வார்கள், காசு போடுகிற கதவு மட்டும் என் வேலை. பெட்டி நன்றாக ஓடினால் பெயர் அதைச் செய்த கம்பெனிக்கு. காசு சிக்கிக்கொண்டால் திட்டு எனக்கு.

ரயில்வே பிளாட்பாரத்து எடை மெஷினில் பத்துப் பைசாவைப் போட்டுவிட்டு, சக்கரம் சுற்றச் சுற்றக் காத்திருந்து, சீட்டும் வராமல் காசும் திரும்பாமல், யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு அதன் மண்டையில் ஒரு தட்டு தட்டியவர்தானே நீங்கள்? அப்படித் தட்டிய அத்தனை பேரும் எனக்கு உறவு. நீங்கள் வெளியே நின்று தட்டினீர்கள், நான் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுத் தட்டினேன். மெஷின் நம் இரண்டு பேரையுமே மதித்ததில்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கதவு என்பது பெட்டியின் முன்பக்கம் இடுப்பளவு உயரத்தில் இருக்கும் சின்ன இரும்புப் பலகை. அதில் காசு போட ஒரு வாய், உள்ளே சாய்வாக ஒரு தடம், தடத்தின் நடுவில் காசை நிறுத்துப் பார்க்கும் ஒரு தொட்டில். அளவும் எடையும் சரியாக இருந்தால் காசு உருண்டு போய் ஒரு மெல்லிய கம்பியைத் தட்டும், பெட்டி ஓட ஆரம்பிக்கும். சரியில்லை என்றால் கீழே உள்ள கிண்ணத்தில் திரும்ப வந்து விழும். தடத்தை அகலமாக வைப்பதா, குறுக்கி வைப்பதா என்பது ஒரு திருகாணியில் இருக்கிறது. அந்தத் திருகாணியைத் திருப்பித்தான் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வேலூரில் என் குடும்பம் சாப்பிட்டது.

காட்பாடி மெஷின்

ஆரம்பத்தில் எனக்கு எடை மெஷின்கள் மட்டும்தான். காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று ரயிலில் போய் ரயிலில் வருவேன். இதில் காட்பாடி மெஷினுக்குத்தான் வேலை ஜாஸ்தி. வேலூருக்கு வைத்தியத்துக்கு வந்து போகிறவர்கள் யாரும் அதில் ஏறாமல் ஊருக்குத் திரும்ப மாட்டார்கள். டாக்டர் சொன்னதை மெஷினிடம் இன்னொரு முறை கேட்டுக்கொள்வார்கள்.

திருப்பத்தூர்க்காரர் ஒருவர் வாரம் தவறாமல் மனைவியைக் கூட்டிவருவார். ரயில் வருவதற்கு முன்னால் அந்த அம்மாவை மெஷினில் ஏற்றி, சீட்டை எடுத்து, எடையை அவர் மட்டும் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். உடம்பு இளைத்துக்கொண்டே போனதில், நான் பார்த்த நாலு தடவையிலும் அந்த அம்மாவின் புடவை இன்னும் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியிருந்தது.

ஒரு நாள் நான் கதவைக் கழற்றி வைத்துத் தடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காசு வேண்டாம், ஏறச் சொல்லுங்கள் என்று கம்பியை விரலால் தட்டிவிட்டேன். சீட்டு வந்தது. அவர் பார்த்தார், பையில் வைத்தார், மனைவியைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் திரும்பி வந்தார். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, திறந்து கிடந்த மெஷினுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சார், அவ சீட்ட காட்டு காட்டுங்கறா. அடுத்த வாரம் வர்றப்ப இதுல ஒரு ரெண்டு கிலோ ஜாஸ்தியா காட்றாப்ல எதுனா பண்ண முடியுமா?"

உப்பு தின்ற காசு

எண்பதுகளில் வீடியோ கேம் வந்தது. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கரீம் பாய் முதல் கடையைத் திறந்தார். எட்டணா போட்டால் ஓர் ஆட்டம். மெட்ராஸ் பழைய இரும்புக் கடைகளில் கிடந்த வெளிநாட்டுக் கதவுகளை நான் வாங்கிவந்து, துரு எடுத்து, வாயை அரம் போட்டு நம் எட்டணாவுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தேன். வேலூரில் அதே கதவுகள் மாதக்கணக்கில் ஓடும். ஆம்பூரில் மூன்றாம் நாளே சிக்கிக்கொள்ளும்.

திறந்து பார்த்தால் தடம் முழுக்க வெள்ளையாகப் பொருக்கு. நாக்கில் வைத்துப் பார்க்காமலே தெரிந்தது, உப்பு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிறவர்கள். பச்சைத் தோலுக்கு உப்பு போடுகிற கை, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிற கை, அந்தக் கையால் எடுத்து அந்த ஈர இடுப்பில் செருகிய காசு. விளிம்பில் பச்சை படிந்து, சொரசொரத்துப் போயிருக்கும். அன்றைக்குத்தான் கதவுகளை இரண்டு சாதியாகப் பிரித்தேன். எதையும் வாங்கிக்கொள்ளும் இளகின கதவு ஒன்று, உப்புக் காசைத் திருப்பித் துப்பும் கறார் கதவு ஒன்று.

கறார் கதவுதான் மெஷினுக்கு நல்லது என்று கரீம் பாயிடம் சொன்னேன். பாதி வாடிக்கையாளரை வாசலிலேயே துரத்துகிற கதவு எனக்கு எதற்கு என்று அவர் இளகின கதவையே போடச் சொன்னார். வாரா வாரம் வந்து துடைக்க வேண்டியிருக்கும், பேஜார் என்றேன். அவர் டீயை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "காசுல உப்பு இருந்தா இன்னா தணிகாசலம்? இந்த ஊர்ல நாம துன்ற சோறே அந்த உப்புலதான் வருது."

வீட்டுக்கு ஒரு பெட்டி

கரீம் பாய் கடையைப் பார்த்துவிட்டு, ஒரு தோல் ஷாப் முதலாளி தன் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி இறக்கினார். வீட்டுப் பெட்டி என்பதால் அதற்குக் காசுக் கதவு கிடையாது. பட்டனை அழுத்தினால் ஆடலாம். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. சும்மா கிடைத்தால் பிள்ளைகளுக்கு அருமை தெரியாது, காசு போட்டுத்தான் ஆட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். சொந்த வீட்டுக் கூடத்தில் சொந்தக் காசைச் சொந்தப் பெட்டியில் போடுவதற்கு நான் கதவு தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்குத்தானே என்று இளகின கதவாகவே எடுத்துப்போனேன்.

ஒயர் வேலைக்கு அவர் ஷாப்பு எலக்ட்ரீஷியன் செல்வராஜ் வந்தான். அங்கேதான் எங்களுக்குள் பழக்கம். நாங்கள் வேலை செய்த அரை நாளில் சமையல்காரம்மா கிரைண்டர் பிளக்கைக் கொண்டுவந்தார், டிரைவர் ரேடியோவைக் கொண்டுவந்தார், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு இஸ்திரிப் பெட்டி வந்தது. ஒருத்தருக்கும் அவன் முடியாது என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தான். கதவின் ஒயர்களைச் செருப்பு தைக்கிற மெழுகு நூலால் ஓர் அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகக் கட்டியிருந்தான். கம்பெனிக்காரன்கூட அப்படிக் கட்டியதை நான் பார்த்ததில்லை.

ஒரு மாதம் ஆகவில்லை, வீட்டுக்குள் சூதாட்டமா என்று முதலாளியின் அம்மா சத்தம் போட்டுவிட்டார். கதவைக் கழற்றி, ஓட்டையைப் பலகையால் மூடி, பழையபடி பட்டன் வைத்துக் கொடுத்தோம். வாசலில் என் சைக்கிளில் கதவை வைத்துக் கட்டிக்கொடுத்தபோது செல்வராஜ் சொன்னான்: "ஒயருங்கள அவுத்துடாத தணிகாசலம். அப்டியே வெச்சிரு, வேற ஒரு பொட்டிக்கு ஆவும்."

இரண்டு நிமிஷ வேலை

இதை வேடிக்கையாகச் சொல்ல எனக்குத் தெரியாது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோல் ஷாப்புகளில் கழிவுத் தண்ணீர் போய் நிற்கிற மூடு குழி ஒன்று இருக்கும், உள்ளே விஷக் காற்று தங்கும். அதில் ஆள் இறங்குவதற்கு முன்னால் கயிற்றில் ஒரு அரிக்கேன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது அங்கே வழக்கம். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் மனுஷன் இறங்கலாம். அணைந்தால் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. விளக்கு இறக்குவது மேஸ்திரியின் பொறுப்பு.

ஒரு நாள் காலை செல்வராஜின் ஷாப்பில் குழிக்குள் இருந்த மோட்டார் நின்றுவிட்டது. மேஸ்திரி முனிரத்தினம் செல்வராஜைக் கூப்பிட்டார். கயிற்றை வேறு வேலைக்கு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள், ஷாப்பு பூராவும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. விளக்கு இறக்கவில்லை. செல்வராஜுக்கு முடியாது என்று சொல்லும் பழக்கம் இல்லை. இறங்கினான். அவனைத் தூக்க இறங்கப்போன இன்னொருவனை நாலு பேர் இழுத்துப் பிடித்துக்கொண்டதால் போனது ஓர் உயிரோடு நின்றது.

கரீம் பாய் சொல்லியனுப்பி நான் போய்ச் சேர்ந்தபோது சர்ச்சுக்கு எடுத்துப்போகத் தயாராக இருந்தார்கள். அவன் மனைவி ஸ்டெல்லா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் எட்டு வயதுப் பெண். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அது இன்னும் ஜாஸ்தியானது. தெருமுனையில் தனியாக நின்றுகொண்டு, போகிற வருகிற ஒவ்வொருத்தரிடமும் முனிரத்தினம் மேஸ்திரி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் சொன்னார்: "ரெண்டு நிமிஷ வேலன்னுதான் சொன்னேன்."

மூன்று கதவுகள்

இரண்டு மாதம் கழித்து ஸ்டெல்லா வேலூரில் என் கடைக்கு வந்தாள். ஷாப்பு ஆட்கள் வசூல் பண்ணி மேஸ்திரி கையில் கொடுத்தனுப்பிய கவரை அவள் வாசலிலேயே திருப்பியனுப்பியது எனக்கு முன்பே தெரியும். முதலாளி வேலை தருகிறேன் என்றபோது அந்தக் காம்பவுண்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்றிருக்கிறாள். வேறு என்ன கொடுப்பது என்று தெரியாத முதலாளி, கடைசியில் கூடத்தில் கிடந்த அந்தக் கேம் பெட்டியை வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அதை மட்டும் அவள் இறக்கிக்கொண்டாள்.

"அதுக்குள்ள இருக்கற ஒயரு பூரா அவர் கை வேலண்ணா, அதான்" என்றாள். வீட்டு முன்னறையில் வைத்திருந்தாள். ஆனால் பட்டனை அழுத்தினால் சும்மா ஆடுகிற பெட்டியை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. அதற்கு ஒரு கதவு வேண்டும். அந்தப் பெட்டி ஓடினால்தான் அவள் வீட்டு அடுப்பு எரியும், பெண் பள்ளிக்கூடம் போகும். எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

அலமாரியில் மூன்று கதவுகள் இருந்தன, இளகினது இரண்டு, கறார் ஒன்று. முதலில் செல்வராஜ் நூல் கட்டிய கதவையே எடுத்து வைத்தேன். இதற்கென்றுதான் இத்தனை நாள் விற்காமல் வைத்திருந்தேன் என்று பெருமையாகச் சொல்லவும் சொன்னேன். அவள் அந்த முடிச்சுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். கடைசி முடிச்சு வரைக்கும் தொட்டுவிட்டு, "இது எந்தக் காச வாங்காது?" என்று கேட்டாள். எதையும் வாங்கும், உப்புக் காசுகூட வாங்கும் என்றேன். கதவை மெல்ல என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"இது அவர மாரியே இருக்குதுண்ணா. யாரு இன்னா குடுத்தாலும் வாங்கிக்கும். அப்டி இருந்துதான் குழியில எறங்குனாரு. எனக்கு இது வேணாம். இல்லன்னு சொல்லத் தெரிஞ்ச கதவா பாத்துக் குடுங்க."

பளபளப்புக் காசு

கறார் கதவையே போட்டுக் கொடுத்தேன். உப்புக் காசால் பெட்டி சிக்கிக்கொள்ளுமே என்று பயப்படுகிறாள், விவரமானவள் என்று நினைத்துக்கொண்டேன். திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, லேசாகப் பச்சை பூத்த காசுகூட உள்ளே போகாதபடி வைத்தேன். இத்தனை வருஷத்தில் நான் செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது அடுத்த மாதம்தான் தெரிந்தது.

ஸ்டெல்லா சொல்லியனுப்பி மறுபடி போனேன். கதவில் ஒரு குறையும் இல்லை. அவள் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினாள். பெட்டியில் விழுந்த காசுகளில் பாதி சாதாரணக் காசு, பாதி கோயில் விளக்கு மாதிரி மின்னியது. முகர்ந்து பார்க்கச் சொன்னாள். புளி வாசனை.

அப்போதுதான் முழுக்கதையும் சொன்னாள். கவரைத் திருப்பியனுப்பியதிலிருந்து, ஷாப்பு விட்டுப் போகும்போது ஆட்கள் ஒவ்வொருத்தராக வீட்டுக்குள் நுழைந்து, பெட்டியில் காசைப் போட்டுவிட்டு, ஆடாமல் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்களாம். நான் கதவு மாட்டுவதற்கு முன்னால், அவள் ஒரு டப்பாவுக்கு ஓட்டை போட்டுப் பெட்டிமேல் வைத்து, தற்காலிகமாக நடத்திக்கொண்டிருந்த நாளிலேயே அது ஆரம்பித்துவிட்டது. கையில் வாங்காததை டப்பாவில் போட்டார்கள். அதைத் தடுக்கத்தான் உப்புக் காசு வாங்காத கதவு கேட்டிருக்கிறாள். பதினைந்து நாள் அந்தக் கதவு தடுத்தது. அப்புறம் அவர்கள் காசைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் ஆடாமல் விட்டுப்போகிற ஆட்டங்களுக்காகத் தெருப் பிள்ளைகள் அஞ்சு மணிக்கே வந்து வரிசை கட்டி உட்கார்ந்துகொள்கிறார்களாம்.

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவள் சிரிக்காமல் கேட்டாள்: "உப்புக் காச துப்புற கதவு இருக்குதில்ல, அதே மாரி வெளக்குன காச துப்புற கதவு எந்த தேசத்துலயாச்சும் பண்றாங்களாண்ணா?"

அஞ்சு மணி

இல்லை என்று சொல்லிவிட்டு, ஆனாலும் பார்க்கிறேன் என்று அங்கேயே உட்கார்ந்தேன். என் வேலை கதவோடு சரி, மற்றது எனக்கெதற்கு என்று எத்தனையோ இடத்தில் எழுந்து வந்தவன் நான். அன்றைக்கு எழுந்திருக்க முடியவில்லை.

அஞ்சு மணிச் சங்கு ஊதியது. சொன்னது சொன்னபடி பிள்ளைகள் வந்து சுவர் ஓரம் உட்கார்ந்தார்கள். ஷாப்பு ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள், போட்டார்கள், போனார்கள். அடுத்து வந்தவர் முனிரத்தினம் மேஸ்திரி. மூன்று மாதத்தில் மனுஷர் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துத் துடைப்பது மாதிரி பாவனை பண்ணினேன்.

காசைப் போட்டார். கிண்ணத்தில் வந்து விழுந்தது. வேட்டியில் துடைத்துப் போட்டார், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவையும் விழுந்தது. நான் போய் அதை எடுத்துப் பார்த்தேன். தேய்க்காத காசு, விளிம்பெல்லாம் பச்சை. என்னிடம் இருந்த நல்ல காசை அவரிடம் நீட்டினேன், மாற்றிக்கொள்ளுங்கள் என்று. அவர் வாங்கவில்லை. வீட்டில் புளி தீர்ந்துவிட்டதாம், மற்றவர்கள் காசையெல்லாம் அவர் வீட்டில்தான் தேய்க்கிறார்களாம், அவர் காசுக்கு மட்டும் அன்றைக்கு இல்லாமல் போய்விட்டதாம். திருகாணியை அரைச் சுற்று திருப்பினால் அந்தக் காசு உள்ளே போயிருக்கும், கையில் ஸ்குரூ டிரைவரும் இருந்தது. என்னால் அதைச் செய்ய முடியவில்லை, செய்யாமல் இருக்கவும் முடியவில்லை. மேஸ்திரி காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாத்தியா தணிகாசலம், மெஷினுக்குக் கூட தெரிஞ்சிருக்குது, இது யார் காசுன்னு."

போட்டால் ஆட வேண்டும்

ஸ்டெல்லா உள்வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. மேஸ்திரி அவளைப் பார்த்ததும் செருப்பைத் தேடினார்.

"மேஸ்திரி, நில்லுங்க" என்றாள். சாவு நடந்த பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "இது கேம் கடை. காசு போட்டா ஆடணும். ஆடாம போட்டுட்டுப் போனா அது பிச்ச. நான் பிச்சக்கு பொட்டி வெக்கல."

"எனக்கு ஆடத் தெரியாதும்மா" என்றார் அவர்.

"தெரியலன்னா தோத்துட்டுப் போங்க."

என் கையில் இன்னும் நீட்டியபடி இருந்த நல்ல காசை அவளே வாங்கிக் கதவின் வாயில் போட்டாள். உப்புக் காசை மேஸ்திரியிடமிருந்து எடுத்து என் கையில் வைத்தாள். பெட்டி சத்தம் போட்டுக்கொண்டு ஆரம்பித்தது. கீழே ஒரு வண்டி, மேலிருந்து கற்கள் விழும், தப்பிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். சுண்ணாம்பில் வெடித்த அந்த விரல்களால் மேஸ்திரி வண்டியை நகர்த்துகிற கம்பியைக் கடப்பாரை மாதிரி பிடித்தார். பிள்ளைகள் சுற்றி வந்து இந்தப் பக்கம் தாத்தா, அந்தப் பக்கம் தாத்தா என்று கத்தினார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஆட்டம் முடிந்துவிட்டது. அவர் கம்பியை விடவில்லை. திரையைப் பார்த்தபடியே, திரும்பாமல், "வெளக்க எறக்கிப் பாத்திருக்கணும்மா" என்றார். அழுதார். பிள்ளைகள் தோற்றதற்கு அழுகிறார் என்று நினைத்து, இன்னொரு ஆட்டம் ஆடு தாத்தா என்றார்கள்.

ஸ்டெல்லா உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அவர் குடித்தாரா என்று நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், இல்லாவிட்டால் நானும் அழுதிருப்பேன்.

நான் கிளம்பும்போது அவள் தெருவரைக்கும் வந்து, அந்தப் பழைய கதவு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். மறுநாளே கொண்டுபோய் மாட்டினேன். மெழுகு நூல் முடிச்சுகள் ஒன்றுகூட அவிழவில்லை, பெட்டிக்குள் அவன் முன்பு விட்டுவைத்த ஒயரோடு அப்படியே பொருந்திக்கொண்டன. மேஸ்திரியின் உப்புக் காசு என் பையிலேயே இருந்தது, சோதனைக்கு அதையே போட்டேன். சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. அடுத்த வாரத்திலிருந்து ஷாப்பு ஆட்கள் வரிசையில் நின்று ஆடித் தோற்றார்கள். ஓசி ஆட்டம் போனதில் தெருப் பிள்ளைகளுக்குத்தான் என்மேல் வருத்தம்.

கழற்றிய கறார் கதவைச் சாக்கில் சுற்றிக்கொண்டே, மேஸ்திரி கேட்டால் என்ன சொல்லட்டும், மன்னித்துவிட்டாள் என்று சொல்லலாமா என்று கேட்டேன். அவள் அந்த முடிச்சுகள்மேல் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "எங்க வீட்டுக்காரரா இருந்தா வாங்கியிருப்பாரு, அதனால கதவு வாங்கட்டும்ண்ணா. நான் இன்னும் வாங்கலன்னு மட்டும் மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்க."

எந்தக் காசை உள்ளே விடலாம், எதைத் திருப்பலாம் என்று ஒரு கதவுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு அரை மணி நேரம் போதும், மனுஷருக்கு அந்தத் திருகாணி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் இத்தனை வருஷமாகியும் கண்டுபிடிக்க முடியவில்லை.